இனிப்புக்கு எண் இல்லை: இறக்குமதி இனிப்பூட்டிகளைச் சுங்கத் துறை எப்படி வகைப்படுத்துகிறது?

இறக்குமதியாகும் ஓர் இனிப்பூட்டிக்கு என்ன எச்.எஸ். கோட் (சுங்கத் துறை சரக்குகளை வகைப்படுத்தும் எண்) போடுவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. "சர்க்கரைக்குப் பதிலாகப் போடுவதுதானே, 17 போட்டுவிடுங்கள்" என்பார் ஒருவர். "வாயில் போடுகிற பொருள், 2106தான்" என்பார் இன்னொருவர். "கெமிக்கல் அது, 29-இல் போகும்" என்பார் மூன்றாமவர். மூன்று பதிலும் ஏதோ ஒரு சரக்குக்குச் சரியானவைதான். ஆனால் மூவரில் ஒருவரும் "அந்தப் பையில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்கவில்லை. வகைப்பாடு தொடங்குவதே அந்தக் கேள்வியிலிருந்துதான்.

தவறான எண்ணால் வரும் தொல்லை சின்னதல்ல. வரி குறைவாகக் கட்டியிருந்தால் பின்னால் வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும். அதிகமாகக் கட்டியிருந்தால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. சரக்கு துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அதனால்தான் இந்தத் துறைக்குப் புதியவர்களும் இதன் அடிப்படையையாவது புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வேதியியல் பட்டம் இதற்குத் தேவையில்லை.

நூலகத்தில் "சர்க்கரை" என்று ஓர் அலமாரி உண்டா?

ஒரு பெரிய நூலகத்துக்குள் போய்ச் சர்க்கரை பற்றிய புத்தகங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். கரும்புச் சாகுபடி வேளாண்மைப் பகுதியில் இருக்கும். சர்க்கரை மூலக்கூறின் அமைப்பு வேதியியலில் இருக்கும். மிட்டாய் செய்முறை சமையலிலும், நீரிழிவு மருத்துவத்திலும் இருக்கும். எல்லாமே சர்க்கரையைப் பற்றியவைதான், ஆனாலும் ஒரே அலமாரியில் இல்லை. அட்டையில் பெரிய எழுத்தில் "சர்க்கரை" என்று அச்சிட்டிருப்பதை வைத்து நூலகர் இடம் ஒதுக்குவதில்லை. உள்ளே பேசப்படுவது என்ன என்று பார்த்துத்தான் ஒதுக்குகிறார்.

சுங்க அட்டவணையும் இப்படித்தான். "இனிப்பூட்டி" என்று ஒரு தலைப்பு அதில் கிடையாது. இனிப்பு என்பது ஒரு குணம். சில பொருள்களை அட்டவணை அவற்றின் பயனை வைத்துப் பிரிப்பதுண்டு. இனிப்பூட்டிகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு செய்யப்படவில்லை. இவற்றைப் பொறுத்தவரை அட்டவணை கேட்பவை மூன்று. பொருள் எதனால் ஆனது? எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது? எல்லைக்கு வரும்போது எந்த வடிவில், எதனோடு கலந்து வருகிறது? அதனால்தான் தேநீரில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்கள் அட்டவணையில் பன்னிரண்டு அத்தியாயம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன.

எண்ணைப் பிரித்துப் படித்தல்

இந்த அட்டவணையின் பெயர் ஒருங்கிணைந்த பண்ட விவரிப்பு மற்றும் குறியீட்டு முறை. எல்லோரும் சுருக்கமாக எச்.எஸ். என்கிறார்கள். 1983-இல் உருவான சர்வதேச உடன்படிக்கையின்படி 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரசல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறது. 2017-இலும் 2022-இலும் திருத்தங்கள் வந்தன, அடுத்தது 2028-இல் வருகிறது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் தங்கள் வரி அட்டவணையை இதன் மேல்தான் கட்டியிருக்கின்றன.

சுக்ரலோஸை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 2932.14. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம்: 29 என்றால் கரிம வேதிப்பொருள்கள். நான்கு இலக்கம் சேர்ந்தால் தலைப்பு: 29.32 என்பது மூலக்கூறின் வளையத்தில் கார்பனைத் தவிர ஆக்சிஜன் அணு மட்டும் உள்ள சேர்மங்களுக்கு உரியது. ஆறு இலக்கம் துணைத்தலைப்பு: 2932.14 என்ற இடம் சுக்ரலோஸுக்கே தனியாக ஒதுக்கப்பட்டது. இந்த ஆறு இலக்கம் வரை உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பின்னால் வரும் இரண்டோ நான்கோ இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்கிறது. வரி விகிதத்தையும் அந்தந்த நாடே முடிவு செய்கிறது. ஆகவே "சுக்ரலோஸுக்கு எச்.எஸ். வரி எவ்வளவு?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே பொருந்தாது. எச்.எஸ். எண் தரும், வரியை நாடு தரும்.

இதோடு அத்தியாயக் குறிப்பு என்று ஒன்று உண்டு. பெரும்பாலான அத்தியாயங்களின் தொடக்கத்தில் "இந்த அத்தியாயத்தில் இவை சேரும், இவை சேரா" என்று சில வரிகள் இருக்கும். அவை சட்டத்தின் ஒரு பகுதி. அத்தியாயத்தின் பெயருக்குக்கூட அந்தச் சட்ட வலு கிடையாது. அது தேடுவதற்கு உதவும் பலகை மட்டுமே. நடைமுறையில் பெரும்பாலானோர் பலகையைப் படித்துவிட்டுக் குறிப்பைப் படிக்காமல் போகிறார்கள். தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இனிப்பு என்பதற்கு எண் இல்லை, பொருளுக்குத்தான் எண். அந்த எண்ணில் ஆறு இலக்கம் உலகப் பொது. முடிவு தலைப்பின் வாசகத்திலும் அத்தியாயக் குறிப்பிலும் இருக்கிறது.

17: சர்க்கரைகளின் இடம்

17-ஆம் அத்தியாயம் சர்க்கரைகளுக்கும் சர்க்கரை மிட்டாய்களுக்கும் உரியது. திட வடிவில் வரும் கரும்புச் சர்க்கரை, பீட் சர்க்கரை, தூய சுக்ரோஸ் எல்லாம் 17.01. லாக்டோஸ், மால்டோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற பிற சர்க்கரைகளும் சர்க்கரைப் பாகுகளும் 17.02. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு 17.03. கோக்கோ சேராத மிட்டாய் 17.04.

17.01-க்கு உள்ளேயே கச்சாச் சர்க்கரையையும் மற்றதையும் பிரிப்பது நிறமல்ல. போலரிமீட்டர் என்ற கருவி சர்க்கரைக் கரைசலின் வழியே ஒளியைச் செலுத்தி, அந்த ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறது. அளவு 99.5 பாகைக்குக் கீழே இருந்தால் கச்சாச் சர்க்கரை. பழுப்பாக இருப்பதெல்லாம் கச்சா, வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்திகரித்தது என்ற எண்ணம் சுங்க மேசையில் செல்லாது.

17.02-இல் இன்னும் நுணுக்கம் உண்டு. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஃப்ரக்டோஸ் பாகு சந்தையில் இரண்டு தரங்களில் அதிகம் புழங்குகிறது: உலர் நிலையில் 42 சதவீதம் ஃப்ரக்டோஸ் கொண்டது ஒன்று, 55 சதவீதம் கொண்டது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெளிந்த பாகு. வாங்குகிறவர் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார். ஆனால் முதலாவது 1702.40, இரண்டாவது 1702.60. ஏனென்றால் துணைத்தலைப்பின் வாசகம் ஃப்ரக்டோஸ் 20 சதவீதத்துக்குக் கீழே, 20 முதல் 50-க்குள், 50-க்கு மேல் என்று கோடு போட்டிருக்கிறது. சரியாக 50 சதவீதம் இருக்கும் கலவைக்கு என்ன செய்வது? அதையும் விட்டுவைக்கவில்லை, அது 1702.90. "உலர் நிலையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பாகில் இருக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் மொத்த எடையை வைத்துச் சொன்ன எண்ணை அப்படியே எடுத்தால் 55 சதவீதப் பாகு 50-க்குக் கீழே இறங்கித் தவறான துணைத்தலைப்பில் போய் விழும்.

மால்டோடெக்ஸ்ட்ரின் இன்னோர் எல்லைக்கோட்டுப் பொருள். மாவுச்சத்தைப் பகுதியளவு சிதைத்துச் செய்யும் பொடி அது. அதில் ஒடுக்கும் சர்க்கரை (குளுக்கோஸ், மால்டோஸ் போன்றவை), உலர் நிலையில் டெக்ஸ்ட்ரோஸாக, அதாவது குளுக்கோஸாகக் கணக்கிட்டால், 10 சதவீதத்தைத் தாண்டினால் 17.02. தாண்டாவிட்டால் அது டெக்ஸ்ட்ரின், 35.05. இந்த விதி 35-ஆம் அத்தியாயத்தின் குறிப்பில் இருக்கிறது. 17-ஐ மட்டும் புரட்டிக்கொண்டிருப்பவர் கண்ணில் படாது.

நிறமும் மணமும் சேர்ப்பதிலும் ஒரு வித்தியாசம். திடச் சர்க்கரையில் மணமூட்டியோ நிறமோ சேர்த்தாலும் அது 17.01-ஐ விட்டு வெளியேறாது, அதற்கென்றே 1701.91 இருக்கிறது. சர்க்கரைப் பாகில் அதையே சேர்த்தால் அது 17.02-ஐ விட்டு வெளியே போய் 21.06-இல் சேரும். 17.02-இன் வாசகமே மணமும் நிறமும் சேராத பாகு என்று சொல்லிவிடுகிறது. இது நியாயமா என்று வாதிடப் பயனில்லை, வாசகம் அப்படி.

தேனுக்கும் இதே கவனம் வேண்டும். இயற்கைத் தேன் 04.09. செயற்கைத் தேன் 17.02. இரண்டும் கலந்து வந்தால்? அதுவும் 17.02தான். லேபிளில் தேனீ படம் இருப்பதால் எதுவும் மாறாது.

29: வேதிப்பொருளாக வரும் இனிப்பு

தூய்மையான ஒற்றைப் பொருளாக வரும் செயற்கை இனிப்பூட்டிகள் பெரும்பாலும் 29-ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அங்கேயும் ஒரே இடத்தில் இல்லை, மூலக்கூறின் அமைப்பை வைத்துச் சிதறிக் கிடக்கின்றன. 1879-இல் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின் 2925.11. ஆஸ்பர்டேம் 29.24. அசிசல்ஃபேம் பொட்டாசியம் 29.34. சைக்ளமேட் 29.29. சர்க்கரை ஆல்கஹால்கள் என்று சொல்லப்படும் மானிட்டால், சார்பிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் 29.05. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இவற்றுக்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை. மூலக்கூறின் அமைப்பால் வந்த வகைப்பெயர் அது.

சர்க்கரைகளிலேயே சில இங்கே வந்து சேர்கின்றன. சுக்ரோஸ், லாக்டோஸ், மால்டோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய ஐந்தும் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் 17-தான். மற்றச் சர்க்கரைகள் வேதியியல் ரீதியாகத் தூய்மையாக வந்தால் 29.40. அண்மைக் காலமாகக் குறைந்த கலோரிச் சர்க்கரை என்று பேசப்படும் அல்லுலோஸ் தூய நிலையில் வந்தால் அந்த 29.40-க்குத்தான் போக வேண்டும். அது ஃப்ரக்டோஸின் நெருங்கிய உறவு. ஆனாலும் அந்த ஐவர் பட்டியலில் அது இல்லை.

29-இன் நுழைவாயிலில் காவல் நிற்பது அதன் முதல் குறிப்பு. தனித்த, வேதியியல் ரீதியாக வரையறுத்துச் சொல்லக்கூடிய சேர்மமாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது, ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு அமைப்புடைய ஒற்றைப் பொருள். தயாரிப்பின்போது தவிர்க்க முடியாமல் ஒட்டிக்கொண்டு வந்த மாசு இருந்தால் பரவாயில்லை. தண்ணீரில் கரைந்திருந்தாலும் பரவாயில்லை. கெடாமலோ கட்டி பிடிக்காமலோ இருப்பதற்குத் தேவையான ஒன்றைச் சேர்த்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பயனுக்கு வாகாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே எதையாவது சேர்த்தாலோ, நீக்க வேண்டியதை வேண்டுமென்றே விட்டுவைத்தாலோ கதவு மூடிவிடும்.

சார்பிட்டாலில் இது கண்கூடாகத் தெரியும். சார்பிட்டாலும் தண்ணீரும் மட்டும் என்றால் 2905.44. ஆனால் பற்பசை, இனிப்பு ஆலைகளுக்குப் போகும் படிகமாகாத பாகில் சார்பிட்டாலுடன் வேறு பாலியால்களும் (சர்க்கரை ஆல்கஹால் வகைகளும்) கணிசமாகக் கலந்திருக்கும். அது தனித்த சேர்மம் அல்ல. அதன் இடம் 3824.60. இரண்டு டிரம்களிலும் "சார்பிட்டால் 70%" என்று ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருப்பதைப் படித்து எதுவும் தெரியாது, பகுப்பாய்வு அறிக்கையில் மற்ற பாலியால்களின் அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டீவியா இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் ஒரே செடி மூன்று இடங்களுக்குப் போகிறது. காய்ந்த இலையாக வந்தால் தாவரப் பொருள்களின் 12-ஆம் அத்தியாயம். இலையைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த கச்சாச் சாறு என்றால் தாவரச் சாறுகளுக்கான 13.02 பேச்சுக்கு வரும். அதிலிருந்து இனிப்புக் கூறுகளை மட்டும் பிரித்துச் சுத்திகரித்தால் அவை கிளைக்கோசைடுகள், இடம் 29.38. கிளைக்கோசைடு என்பது ஒரு சர்க்கரைப் பகுதியும் சர்க்கரையல்லாத ஒரு பகுதியும் பிணைந்த சேர்மம். இங்கே ஒரு சலுகையும் உண்டு. 29.38-க்கு "தனித்த, வரையறுத்த சேர்மம்" என்ற நிபந்தனை கட்டாயமில்லை என்று அதே குறிப்பு சொல்கிறது. ஆகவே இலையில் இயற்கையாகச் சேர்ந்தே இருக்கும் பல ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் கலந்தே வந்தாலும் அவை வெளியே தள்ளப்படுவதில்லை. "இயற்கையானது, அதனால் கெமிக்கல் அத்தியாயத்தில் வராது" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 29-ஆம் அத்தியாயம் இயற்கை, செயற்கை என்று பிரிப்பதில்லை, 29.38-இன் வாசகத்திலேயே இயற்கையானவையும் செயற்கையாக ஆக்கியவையும் என்று இரண்டும் இருக்கின்றன.

ஒரு வரியில்: 17-க்குள் விகிதங்கள் பேசும், 29-க்குள் தூய்மை பேசும்.

கலந்துவிட்டால் என்ன ஆகும்?

இனி நாம் அன்றாடம் பார்க்கும் பொருளுக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் சிறு பொட்டலத்தில் தூய சுக்ரலோஸ் இருக்காது. அது சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. தூய நிலையில் கரண்டியால் அளக்கவே முடியாது. அதனால் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரினை நிரப்பியாகச் சேர்க்கிறார்கள். எடையில் கிட்டத்தட்ட முழுவதும் நிரப்பிதான், சுக்ரலோஸ் ஓரிரு சதவீதம்.

இதற்கு எண் தேடும்போது இரண்டு கட்சிகள் உருவாகும். "பொருளின் உயிர் இனிப்பு, இனிப்பைத் தருவது சுக்ரலோஸ், ஆகவே 2932.14" என்பது ஒரு கட்சி. "எடையில் 98 சதவீதம் மால்டோடெக்ஸ்ட்ரின், ஆகவே அதன் எண்" என்பது மறு கட்சி. இரு தரப்பும் எச்.எஸ்.-இன் பொது விதிகளில் மூன்றாவதை நாடுகிறார்கள். ஒரு கலவையை, அதன் அடிப்படை இயல்பைத் தரும் கூறை வைத்து வகைப்படுத்தலாம் என்கிறது அந்த விதி. விதி சரிதான். ஆனால் அதன் முறை இன்னும் வரவில்லை.

பொது விதிகள் மொத்தம் ஆறு. முதல் நான்கை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். முதல் விதி சொல்வது: தலைப்புகளின் வாசகத்தையும் குறிப்புகளையும் வைத்தே முடிவு செய். அதில் விடை கிடைத்துவிட்டால் அடிப்படை இயல்பு பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நம் பொட்டலத்துக்கு முதல் விதியே விடை தந்துவிடுகிறது. வேண்டுமென்றே நிரப்பி சேர்த்ததால் 29-இன் முதல் குறிப்பு அதை வெளியே தள்ளுகிறது. மறுபக்கம், அது வெறும் மால்டோடெக்ஸ்ட்ரினும் இல்லை. வேறொரு வேலைக்காக ஆயத்தம் செய்த உணவுத் தயாரிப்பு. 21.06-இன் வாசகம் "வேறெங்கும் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகள்" என்கிறது. பொட்டலம் அங்கே போய் நிற்கிறது: 2106.90.

இதில் ஊகம் குறைவு. அட்டவணையோடு உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகள் என்ற தொகுதி இருக்கிறது. அது சட்டமல்ல, ஆனால் உலகெங்கும் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் மதிக்கும் வழிகாட்டி. 21.06-க்கான பகுதியில், சாக்கரினும் லாக்டோஸ் போன்ற ஓர் உணவுப் பொருளும் சேர்ந்த, இனிப்பூட்டப் பயன்படும் மாத்திரை போன்ற தயாரிப்புகள் இந்தத் தலைப்பில் சேரும் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது.

இப்போது அந்த மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு சோடியம் பைகார்பனேட்டும் டார்டாரிக் அமிலமும் போடுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் சாக்கரின் மாத்திரை அது. அதே டப்பா, அதே பயன். ஆனால் சாக்கரினோடு சேர்ந்தவை உணவுப் பொருள்கள் அல்ல, வேதிப்பொருள்கள். இதன் இடம் 38.24, அதாவது வேறெங்கும் குறிப்பிடப்படாத வேதித் தயாரிப்புகள். 38-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு இரண்டுக்கும் நடுவில் கோடு போடுகிறது: வேதிப்பொருளோடு உணவோ ஊட்ட மதிப்புள்ள பொருளோ கலந்து, அது மனித உணவுத் தயாரிப்பில் பயன்படுவதாக இருந்தால் 38-இல் வராது, பொதுவாக 21.06-க்குப் போகும்.

ஆக, சாக்கரின் ஒன்றுக்கே மூன்று முகவரி. தூய பொடி 2925.11. லாக்டோஸோடு மாத்திரையானால் 2106.90. பைகார்பனேட்டோடு மாத்திரையானால் 38.24. நாக்குக்கு மூன்றும் ஒன்றுதான். இந்த மூன்று வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிப்பூட்டி வகைப்பாட்டின் பெரும்பகுதி கைவசம் வந்துவிடும்.

லேபிள் சொல்வதும் அட்டவணை கேட்பதும்

"நீரிழிவு உள்ளவர்களுக்கு" என்று அச்சிட்ட இனிப்பூட்டி மருந்துக் கடையில் விற்கிறது, ஆகவே மருந்துகளின் 30-ஆம் அத்தியாயத்தில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அத்தியாயத்தின் முதல் குறிப்பே பத்திய உணவு, நீரிழிவு உணவு போன்றவற்றைப் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. விற்கும் இடமும் விளம்பரமும் பொருளின் இயல்பை மாற்றுவதில்லை.

"சுகர் ஃப்ரீ" என்ற சொல்லோ உண்மையிலேயே எண்ணை மாற்றும், ஆனால் லேபிளில் இருப்பதால் அல்ல. சர்க்கரை உள்ள சூயிங் கம் 1704.10. சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால் போன்றவை போட்ட சூயிங் கம்மில் சர்க்கரையே இல்லை, அதனால் சர்க்கரை மிட்டாய்த் தலைப்பில் அதற்கு இடமில்லை, 21.06-க்குப் போகிறது.

கழிவுப்பாகு சேர்த்த வழக்கு

எண் மாறினால் வரி மாறும் என்பதால், எண்ணுக்கு ஏற்றபடி பொருளையே வடிவமைப்பவர்களும் இருக்கிறார்கள். அது எப்போதும் குற்றமல்ல. ஆனால் எதுவரை போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று.

அங்கே சர்க்கரைக்கு இறக்குமதி ஒதுக்கீடு உண்டு. ஒதுக்கீட்டைத் தாண்டினால் வரி மிக அதிகம். சர்க்கரைப் பாகுகளில், சர்க்கரையல்லாத கரையும் திடப்பொருள் மொத்தக் கரையும் திடப்பொருளில் 6 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தால் இந்த ஒதுக்கீட்டுக்குள் வரும். 6-ஐத் தாண்டினால் வராது. ஹார்ட்லேண்ட் பை-புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கனடாவிலிருந்து வந்த பாகில் கழிவுப்பாகு சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் அந்த விகிதம் 6-ஐத் தாண்டியது. எல்லையைக் கடந்தபின் கழிவுப்பாகைப் பிரித்தெடுத்துக் கனடாவுக்கே திருப்பி அனுப்பினார்கள், மீண்டும் சேர்ப்பதற்காக. 1995-இல் சுங்கத் துறையே இதற்கு ஒதுக்கீட்டில் வராத எண்ணை எழுத்தில் உறுதிசெய்திருந்தது. 1999-இல் அதைத் திரும்பப் பெற்றது: தலைப்பின் வாசகம் அந்நியப் பொருள்களை (பாகில் சேர்ந்த வேற்றுப் பொருள்களை) கணக்கில் சேர்க்காதே என்கிறது, இந்தக் கழிவுப்பாகு அந்நியப் பொருள்தான் என்பது அதன் வாதம். கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத் துறையின் நிலையை ஏற்றது.

கழிவுப்பாகு, சர்க்கரை, ஒரு சதவீதக் கோடு. இத்தனை எளிய பொருள்களைச் சுற்றி இத்தனை ஆண்டு வழக்கு. அட்டவணையில் இருக்கும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்பதில்தான் முழுச் சண்டையும்.

எண் சொல்லாத விஷயங்கள்

ஒரு பொருளுக்கு எச்.எஸ். எண் இருப்பதால் அதை உணவில் சேர்க்க அனுமதி இருக்கிறது என்று ஆகாது. சைக்ளமேட் பல நாடுகளில் உணவில் அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1969-இல் உணவிலிருந்து தடைசெய்யப்பட்டது. இரு இடத்திலும் அதன் ஆறு இலக்கம் ஒன்றே. உணவுப் பாதுகாப்பு அனுமதி ஒரு கதவு, சுங்க வகைப்பாடு வேறொரு கதவு. ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. அதேபோல 21.06 என்று வகைப்படுத்தியதால் ஒரு பொருள் உடலுக்கு நல்லது என்றோ 29 என்பதால் கெட்டது என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அட்டவணைக்கு அந்த அக்கறை கிடையாது.

சரக்கு கிளம்பும் முன்பே கேட்டுவிடலாம்

சந்தேகம் இருந்தால் சரக்கு வந்தபின் வாதாடுவதைவிட முன்கூட்டியே கேட்பது நல்லது. இதற்கு முன் தீர்ப்பு என்று ஒரு வழி இருக்கிறது: இறக்குமதிக்கு முன்பே பொருளின் விவரத்தைக் கொடுத்து, என்ன எண் என்று சுங்கத் துறையிடம் எழுத்தில் பெறுவது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது; உறுப்பு நாடுகள் வகைப்பாட்டுக்கு இப்படிப்பட்ட தீர்ப்பு வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது.

விண்ணப்பத்தில் "உணவு இனிப்பூட்டி, வெள்ளைப் பொடி" என்று எழுதினால் பயனுள்ள பதில் வராது. ஒவ்வொரு கூறின் பெயரும் எடைச் சதவீதமும் வேண்டும், கூட்டினால் 100 வர வேண்டும். பாகு என்றால் உலர் நிலைக் கணக்கு தனியாக வேண்டும். மாவுச்சத்திலிருந்து வந்தது என்றால் ஒடுக்கும் சர்க்கரையின் அளவு வேண்டும். சேர்த்த ஒவ்வொன்றும் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்றும் எழுத வேண்டும். கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்த்ததற்கும் நிரப்பியாகச் சேர்த்ததற்கும் விளைவு வேறு என்று மேலே பார்த்தோம். தயாரிப்பு முறையை நாலு வரியில் விளக்கினால் அதிகாரிக்கும் வேலை எளிது.

விற்பவர் இந்த விவரத்தைத் தர மறுப்பது அடிக்கடி நடக்கும். கலவை தொழில் ரகசியம் என்பார். அப்போது அவரையே நேரடியாகச் சுங்கத் துறைக்கு ரகசியமாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அதற்கும் அவர் இணங்காவிட்டால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரி வாங்கி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பகுப்பாய்வு அறிக்கை எடுங்கள். கிடைக்கும் தீர்ப்பு விண்ணப்பத்தில் விவரித்த அந்தக் கலவைக்கு மட்டுமே செல்லும். அடுத்த ஆண்டு விற்பவர் டெக்ஸ்ட்ரோஸை எடுத்துவிட்டு எரித்ரிட்டால் போடத் தொடங்கினால், பொட்டலத்தின் பெயரும் படமும் மாறாவிட்டாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.